காங்கயம் தோட்டத்து வீட்டுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடலாமா?

கேட்டவர் காங்கயத்துக்கு வடக்கே, நொய்யல் ஆற்றுக்குக் கிட்டத்தில், சொந்தத் தோட்டத்தில் 1,400 சதுர அடியில் வீடு கட்டப் போகிறார். இப்போது கீழ்த்தளம் மட்டும், மாடி பிறகு. அதே தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா வீடு கட்டிப் பதினெட்டு வருஷம்தான் ஆகிறதாம். சமையலறை ரூஃப் பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. இந்த நேரம் பார்த்து ஒரு விற்பனையாளர் வந்து, "இரும்புக் கம்பியே வேண்டாம், கண்ணாடி இழைக் கம்பி போடுங்கள், ஆயுசுக்கும் துரு பிடிக்காது, 12 எம்எம் போடும் இடத்தில் 8 எம்எம் போதும், செலவும் குறைவு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போடலாமா என்பது கேள்வி. எனக்கு இதில் இரண்டு கேள்விகள் தெரிகின்றன. அந்தக் கம்பி இரும்புக்கு ஈடாகுமா என்பது ஒன்று. சித்தப்பா வீட்டுக்கு வந்தது நம் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது என்று நினைக்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டில் இருபத்தாறு வருஷமாக ஸ்ட்ரக்சுரல் டிசைன் செய்கிறேன். வீடுகள், எண்ணெய் ஆலைகள், நூற்பாலைகள், திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைத் தொட்டிகள் எல்லாம் உண்டு. கண்ணாடி இழைக் கம்பியை இதுவரை மூன்று வேலைகளில் போட்டிருக்கிறேன்: மண் மேல் படுக்கும் இரண்டு தரைத்தளங்கள், ஒரு தொட்டி மூடி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டின் பில்லர், பீம், ரூஃப் மூன்றிலும் அது வேண்டாம். கொப்பரை காயவைக்கும் களத்துக்கோ உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கோ கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும்.

கண்ணாடியை மெல்லிய நூலாக இழுத்து, ஆயிரக்கணக்கான நூல்களை ஒன்றாக்கி, ரெசின் என்ற பிசினில் தோய்த்து, அச்சுக்குள் இழுத்து இறுக்கினால் இந்தக் கம்பி. இழுவிசையைத் தாங்குவது நூல். நூல்களைச் சேர்த்துப் பிடித்து, கான்கிரீட்டின் காரத்திலிருந்து காப்பது ரெசின். எடை அதே தடிமனுள்ள இரும்பில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. துரு பிடிக்காது, அது உண்மை. அதில் துருப்பிடிக்க இரும்பே கிடையாது. காந்தம் ஒட்டாது, மின்சாரம் பாயாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறைகளுக்கு இதைத் தேடிப் போவது அதனால்தான். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-ல் இதற்கென்று ஐ.எஸ். 18256 என்ற தரத்தை வெளியிட்டிருக்கிறது. ஆக, இது ஏமாற்றுப் பொருள் இல்லை. விற்பவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் மீதியை விளக்க வேண்டியிருக்கிறது.

அந்த "12-க்கு 8 போதும்" கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 12 எம்எம் கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மில்லிமீட்டர். எஃப்.இ. 500 ரகம் (சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 50 கிலோ வரை இளகாத இரும்பு) என்றால் அது சுமார் 5.7 டன் இழுவை வரை இளகாமல் தாங்கும். 8 எம்எம் கண்ணாடி இழைக் கம்பியின் பரப்பு 50 சதுர மில்லிமீட்டர். நல்ல தரத்தில் 1,000 மெகாபாஸ்கல் (சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 100 கிலோ) வலிமை என்று வைத்தால் அறுவது 5 டன்னில். கிட்டத்தட்டச் சமம். விற்பவர் காட்டும் அட்டவணை இங்கே முடிந்துவிடும். ஆனால் வீட்டில் ரூஃப் கம்பி அறுந்து விழுந்ததாக நான் பார்த்ததே இல்லை. ரூஃப் தொய்ந்தது, விரிசல் விட்டது, அதன் வழியாகத் தண்ணீர் இறங்கியது, இவைதான் வீட்டில் நடப்பவை. அதை முடிவு செய்வது, அறும் வலிமையைவிட அதிகமாக, கம்பி எவ்வளவு நீள்கிறது என்பதுதான். ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு கம்பிகளையும் எடுத்து மூன்று டன்னில் இழுங்கள். 12 எம்எம் இரும்பு 1.3 மில்லிமீட்டர் நீளும். 8 எம்எம் கண்ணாடி இழை 12 மில்லிமீட்டர் நீளும். இரும்பின் விறைப்பு, அதாவது நீளாமல் எதிர்க்கும் குணம், 200 கிகாபாஸ்கல், இதற்கு 40 முதல் 60 வரைதான். அதோடு பரப்பையும் பாதிக்குக் கீழே குறைத்துவிட்டோம். இரண்டும் சேர்ந்து ஒன்பது மடங்கு வித்தியாசம். இதை ரூஃபில் போட்டால் கான்கிரீட்டில் முதல் விரிசல் விழும்வரை ஒன்றும் தெரியாது. விழுந்த பிறகு விரிசலை இறுக்கிப் பிடிக்க அந்தக் கம்பியால் முடியாது. பன்னிரண்டு அடி அறையின் நடுவில் தொய்வு கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இந்தக் கம்பியில் வருஷக்கணக்கில் பாரத்தை நிறுத்தி வைத்தால், அறும் வலிமைக்கு வெகு கீழேயே ஒருநாள் அறுந்துவிடும். அதனால் அமெரிக்கக் கான்கிரீட் சங்கத்தின் விதிகள் நிரந்தரச் சுமையில் அதன் வலிமையில் 20 முதல் 30 சதவீதம் வரைதான் பயன்படுத்த விடுகின்றன. அதாவது நம் 8 எம்எம் கம்பியின் 5 டன் என்பது நிரந்தரச் சுமைக்கு ஒன்று, ஒன்றரை டன்தான். முறையாக டிசைன் செய்தால் இரும்பைவிடத் தடித்த கம்பியை நெருக்கமாகப் போட வேண்டி வரும். 12-ஐ 8 ஆக்குவது நேர் எதிர்த் திசை. "செலவு குறைவு" என்பதும் அந்த 8 எம்எம்மை வைத்துப் போட்ட கணக்குதான்.

அடுத்தது முன்னெச்சரிக்கை. இரும்புக்கு ஒரு பெரிய குணம் உண்டு: தாங்க முடியாத பாரம் வந்தால் அது முதலில் இளகி நீளும். கூடுதலாக நீளும் ரகமான எஃப்.இ. 500 டி கம்பி அறுவதற்கு முன் குறைந்தது 16 சதவீதம் நீள வேண்டும் என்பது இரும்புக் கம்பிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 1786-ன் விதி. அந்த நீட்சியில் பீம் தொய்யும், விரிசல் வாய் பிளக்கும், உள்ளே இருப்பவர்கள் பார்த்து வெளியே வந்துவிடலாம். கண்ணாடி இழை நேர்கோட்டில் போய், இரண்டு சதவீதம் போல நீண்டதும் பட்டென்று அறும். நடுவில் இளகும் கட்டமே கிடையாது. நம் பக்கத்தில் நிலநடுக்கம் எங்கே வரப் போகிறது என்பார்கள். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் 6 அளவுக்கு ஒன்று வந்திருக்கிறது. அதன்பிறகு அந்த அளவுக்கு வரவில்லை என்பதால் நாம் மறந்துவிட்டோம். பில்லரும் பீமும் சேரும் இடத்தில் இளகிக் கொடுக்கும் கம்பிதான் அன்றைக்குக் கட்டடத்தை நிறுத்தும். பில்லரில் இன்னொரு சிக்கல், அங்கே கம்பி நசுக்கும் பாரத்தையும் வாங்க வேண்டும். கண்ணாடி இழை அழுத்தத்தில் பலவீனமானது, அதனால் டிசைனில் அந்தப் பங்கைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

சைட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முதல் முறை இந்தக் கம்பி வந்து இறங்கியபோது, என்னோடு வெகு நாளாக வேலை செய்யும் கம்பி கட்டுபவர் ஒரு துண்டை எடுத்து, வழக்கம்போல வளைக்கும் பலகையில் ஆணிக்கு நடுவே மாட்டி, சாவியைப் போட்டு இழுத்தார். தொண்ணூறு பாகை வந்தது. சாவியை விட்டதும் அப்படியே நிமிர்ந்துகொண்டது. "ரப்பராட்டம் நிமுந்துக்குதுங்க சார்" என்றவர், விடாமல் இரண்டாம் முறை இன்னும் ஓங்கி இழுத்தார். வளைவின் உள்பக்கம் வெள்ளையாகக் கோடு கோடாகப் பிளந்து, நூல் நூலாகச் சிலிர்த்து நின்றது. அவர் உள்ளங்கையில் ஏறிய கண்ணாடிச் சிலாம்பைப் பின்னூசி வைத்து எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து கையுறை இல்லாமல் யாரையும் தொட விடுவதில்லை. விஷயம் என்னவென்றால், இதைச் சைட்டில் வளைக்கவே முடியாது. பீம் முனையில் எல் வளைவு, நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பில்லர் ரிங், ரிங்கின் கொக்கி, சன்ஷேடுக்குத் திரும்பும் கம்பி, மாடிப்படியில் மடங்கும் கம்பி எல்லாவற்றையும் அளவு கொடுத்துத் தொழிற்சாலையிலேயே வளைத்து வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் வளைவில் வலிமை நேர்க்கம்பியில் பாதியளவுக்கு விழுந்துவிடும். நம் வீடுகளில் சென்ட்ரிங் அடித்த பிறகு அரை அடி தள்ளிப் படிக்கட்டை மாற்றச் சொல்வது வாடிக்கை. அங்கே இந்தக் கம்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? இரும்பில் ரிங்கும் இதில் நேர்க்கம்பியும் கலந்து கட்டிவிடுவார்கள். துருவுக்குப் பயந்து மாற்றிய வேலையில், கான்கிரீட்டின் வெளித்தோலுக்கு மிக அருகில் இருக்கும் ரிங் இரும்பாகவே இருக்கும்.

தீ பற்றி யாரும் கேட்பதில்லை. இரும்பு 550, 600 டிகிரியில் பாதி வலிமையை இழக்கும். இந்தக் கம்பியின் ரெசின் நூறு டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இளக ஆரம்பித்துவிடும். இளகினால் நூல் அறாமல் இருந்தாலும் கான்கிரீட்டோடு உள்ள பிடி போய்விடும். கொப்பரைக் கிட்டங்கி, நார் மில், பனியன் குடோன், பஞ்சு இருக்கும் இடம், இவற்றின் மேல்தளத்தில் இதைப் போட நான் கையெழுத்துப் போட மாட்டேன். வீட்டுச் சமையலறைக்கும் அதே பதில்தான்.

இதுவரை சொன்னவை சந்தேகத்துக்கு இடமில்லாதவை. சந்தேகமான இடம் ஒன்று உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கான்கிரீட் கடும் காரம்; காரம் கண்ணாடியை அரிக்கும். ஆய்வகத்தில் சூடான காரக் கரைசலில் ஊறவைத்தால் வலிமை நன்றாகவே குறைகிறது. ஆனால் கனடாவில் 5 முதல் 8 வருஷம் ஓடிய உண்மையான கட்டுமானங்களில் இருந்து துண்டு வெட்டி எடுத்துப் பார்த்தபோது இழை கெடவில்லை. ஆய்வகச் சோதனை வேண்டுமென்றே கடுமையாக்கப்பட்டது என்பது ஒரு பக்கம். கனடாவின் குளிரில் அரிப்பு மெதுவாக நடக்கும் என்பது இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் நம் மொட்டை மாடியைக் கையால் தொட முடியாது. சூடு ஏறினால் அரிப்பும் வேகமாகும். ஐம்பது வருஷம் ஆகும்போது நம் ஊரில் இது எப்படி இருக்கும் என்பதை அங்கே எடுத்த துண்டை வைத்து நான் உறுதியாகச் சொல்லத் துணியமாட்டேன். "ஆயுசுக்கும்" என்று ஒருவர் சொன்னால் அது அவருடைய நம்பிக்கை. ரெசின் எது என்பதைப் பொறுத்தும் நிறைய மாறும்: வினைல் எஸ்டர் என்றால் சரி, மலிவான பாலியெஸ்டர் என்றால் கிட்டேயே போக வேண்டாம்.

சரி, எங்கே இது நல்லது? 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறையில் சுத்திகரித்தால்தான் ஓட்டலாம் என்று ஆனது. ஆற்றுக்குப் போன உப்பு இப்போது தொட்டிக்குள்ளேயே நிற்கிறது. தண்ணீரை எடுக்க எடுக்க மிச்சத்தில் உப்பு ஏறிக்கொண்டே போகும். அந்தக் கெட்டி உப்புத்தண்ணீர் நிற்கும் தொட்டிகளின் சுவரை நான் உடைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பட்டறையில் எட்டே வருஷத் தொட்டி. சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு மட்டும்தான் வெளியே தெரிந்தது. உளியால் தட்டியதும் உள்ளங்கை அகலத்துக்குச் சில்லு பெயர்ந்தது. உள்ளே 12 எம்எம் கம்பி, கருப்புச் சேறு மாதிரி ஈரமான துருவோடு. துடைத்துவிட்டு வெர்னியர் அளவுகோலை வைத்தால் ஒரு இடத்தில் 7 எம்எம்தான் மிச்சம். ஒரு சாண் தள்ளி அதே கம்பி முழுசாக இருந்தது. உப்பு அரிப்பின் குணமே அதுதான், பரவலாக அரிக்காது, குழி குழியாகத் தோண்டும். இப்படிப்பட்ட தொட்டி மூடிகள், உப்புக் கரைசல் சிந்தும் தரைகள், வாய்க்கால்கள், மண் மேல் படுத்திருக்கும் உலர்களத் தளங்கள், இங்கெல்லாம் கண்ணாடி இழை தன் விலைக்கு வேலை செய்யும். தரையில் கிடக்கும் தளத்தை மண்ணே தாங்குகிறது; தொய்வுக் கவலை இல்லை, வளைவும் அதிகம் இல்லை. நான் போட்ட இரண்டு தரைத்தளமும் அந்த வகை. உங்கள் தோட்டத்தில் களம் போடுகிறீர்கள் என்றால் அதற்கு வாங்குங்கள்.

வேறு மாற்றுக் கம்பிகளையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எரிமலைப் பாறையை உருக்கி இழுக்கும் பசால்ட் இழைக் கம்பிக்கு விறைப்பு கொஞ்சம் கூடலாம். மேலே சொன்ன குறைகள் எல்லாம் அதற்கும் உண்டு. எபாக்சி என்ற பிசின் பூசிய பச்சை நிற இரும்புக் கம்பி தொழிற்சாலையில் பார்க்க அருமை, ஆனால் நம் சைட்டில் லாரியிலிருந்து தள்ளி, இழுத்து, வளைத்து, அதன் மேல் நடந்து முடிக்கும்போது கீறல் இல்லாத ஒரு அடி மிஞ்சாது. கீறல் இருந்தால் அந்த இடத்தில் அரிப்பு உள்ளே புகுந்துவிடும். 1980-களில் ஃபுளோரிடாவின் கடல்பாலங்களில் கட்டிச் சில வருஷத்திலேயே எபாக்சிக் கம்பி அரித்தது இதற்குப் பெரிய பாடம். துத்தநாகம் முக்கியெடுத்த கம்பி எனக்குப் பிடித்தது. அதுவும் இரும்புதான், இளகும், வளையும், டிசைனை மாற்றத் தேவையில்லை. வெட்டிய முனையில் துத்தநாகப் பெயின்ட் அடித்தால் போதும். எவர்சில்வர் கம்பி எல்லாவற்றிலும் உயர்ந்தது. மெக்சிகோவில் ப்ரோக்ரெசோ துறைமுகப் பாலம் 1940-களின் தொடக்கத்தில் அந்தக் கம்பியால் கட்டி முடித்து இன்றும் கடலில் நிற்கிறது; பக்கத்தில் சாதாரணக் கம்பியில் பிற்காலத்தில் கட்டியது உதிர்ந்துபோனது. ஆனால் விலை பல மடங்கு, வீட்டுக்கு ஆகாது. மூங்கில் பற்றியும் சிலர் கேட்கிறார்கள்: ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்கி கான்கிரீட்டை விட்டுவிடும், வேண்டாம்.

இனி சித்தப்பா வீடு. நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்வது தப்பு. ஆனால் அந்தப் பகுதியில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்) இல்லை, தண்ணீர் உப்பு. காற்றிலுள்ள கரியமிலவாயு கான்கிரீட்டுக்குள் மெதுவாக இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தைக் கெடுக்கிறது. அது இறங்கும் ஆழம் வருஷத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இதன் அர்த்தம் கொஞ்சம் பயங்கரமானது: கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டர் கவர் இருக்க வேண்டிய இடத்தில் 10 இருந்தால், ஆயுள் பாதியாகாது, நாலில் ஒன்றாகும். எண்பது வருஷம் தாங்க வேண்டியது இருபதில் முடிந்துவிடும். துருப்பிடித்த இரும்பு இரண்டு முதல் ஆறு மடங்கு வரை உப்பும். அந்த உப்பலில்தான் ரூஃப் பெயர்கிறது. கம்பி கட்டி முடித்த அன்று சென்ட்ரிங் மேல் போய்க் குனிந்து பாருங்கள். கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் நாலடிக்கு ஒன்று கிடக்கும்; நடுவில் கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்திருப்பார்கள். கான்கிரீட் போடும்போது கால் பட்டு உருண்டுவிடும். இரண்டரை அடிக்கு ஒன்று, சிமெண்டில் வார்த்த பிளாக், கட்டுக்கம்பியால் கட்டி நிற்க வேண்டும். ரூஃபுக்கு 20, பில்லருக்கு 40, அஸ்திவார ஃபூட்டிங்குக்கு 50 மில்லிமீட்டர். ஒரு மூட்டை பிளாக்கின் விலை, ஒரு கட்டுக் கம்பியின் விலையில் சின்னத் துளி.

தண்ணீருக்கு வருவோம். நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையின் சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் சாயக்கழிவால் கெட்ட கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456. உங்கள் போர் தண்ணீர் 1,500 காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 180 லிட்டர் தண்ணீர் என்றால், 270 கிராம் குளோரைடை நாமே கையால் கம்பிக்கு ஊட்டுகிறோம். மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாவற்றிலும் சேர்த்தே 600 கிராம்தான் வரம்பு. இதற்காக யாரும் மலைக்க வேண்டியதில்லை. ஆயிரம் சதுர அடி ரூஃபை ஐந்து அங்குலக் கனத்தில் போட்டால் சுமார் பன்னிரண்டு கன மீட்டர். கலக்கும் தண்ணீர் இரண்டாயிரம் லிட்டர் சொச்சம். ஒரு டேங்கர் லாரி உப்பில்லாத நல்ல தண்ணீர் வாங்கினால் ரூஃபுக்கும் போதும், முதல் சில நாள் நனைக்கவும் மிச்சமிருக்கும். சித்தப்பா வீட்டில் அந்த ஒரு லாரி வாங்கியிருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

அதனால் உங்கள் வீட்டுக்கு நான் எழுதித் தருவது இதுதான்: சாதாரண எஃப்.இ. 500 டி கம்பி, நல்ல தண்ணீர், சொன்ன கவர், ஏழு நாளாவது விடாமல் நனைப்பது. சாம்பலோ கசடோ கலந்த கலப்புச் சிமெண்ட் என்றால் பத்து நாள். மண்ணும் உப்பு என்று தெரிந்தால் ஃபூட்டிங்குக்கு மட்டும் வலிமை கூடிய எம் 30 கான்கிரீட்டும், இரும்பாலைக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டும். அதற்கு மேலும் மனசு கேட்கவில்லை என்றால் ஃபூட்டிங் கம்பியைத் துத்தநாகம் முக்கியதாக வாங்குங்கள். விற்பனையாளர் மறுபடி வந்தால் ரெசின் எது, ஐ.எஸ். 18256 சோதனைச் சான்று இருக்கிறதா, உங்கள் ரூஃபின் தொய்வுக் கணக்கில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் யார் என்று மூன்றையும் கேளுங்கள். சித்தப்பா வீட்டுச் சமையலறைக்குள் இப்போதைக்கு யாரும் அந்தப் பெயர்ந்த இடத்துக்குக் கீழே நிற்க வேண்டாம். கீழே இரண்டு ஜாக்கி கொடுத்துவிட்டு, ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். டொப் டொப்பென்று பொள்ளலாகக் கேட்கும் இடம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைச் சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்து, போர் தண்ணீரின் சோதனை முடிவோடு இங்கே போடுங்கள். அதைச் சரிசெய்வது பற்றித் தனியாக எழுதுகிறேன்.